ஸ்டெப்னிக்கு ஒரு தோள் பை

பெரணமல்லூரிலிருந்து குடும்பத்தோடு ஜவ்வாது மலைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். போளூர் வழியாக மலையேறி, ஜமுனாமரத்தூரில் பீமன் அருவியைப் பார்த்தாயிற்று. புளியோதரையும் தயிர்சாதமும் காலி. திரும்பும்போது மிஞ்சுவது என்ன? எச்சில் இலை, ஈரத் துண்டு, சேறு அப்பிய செருப்பு, குழந்தையின் அழுக்குத் துணி! வண்டிக்குள் வைத்தால் ஊர் வந்து சேரும்வரை மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மலையிலேயே எறிந்துவிட்டு வரவோ மனம் ஒப்பாது, இல்லையா?

பொலேரோ, தார், ஜிம்னி போன்ற வண்டிகளில் பின்கதவின் மேல் ஸ்டெப்னி தொங்குமே, பார்த்திருப்பீர்கள். அதன்மேல் மாட்டிக்கொள்ள ஒரு பை இருக்கிறது. வாரை டயரைச் சுற்றிக் கட்டி இறுக்கினால் போதும். குப்பையும் ஈரமும் வண்டிக்கு வெளியே பிரயாணம் செய்யும்.

ஸ்டெப்னி என்ற பெயரே ஒரு தெருவின் பெயர்தான். 1904-ல் வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரில், ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள். அதுவரை மோட்டாரில் மாற்றுச் சக்கரம் வைத்துக்கொள்ளும் வழக்கமே கிடையாது. அந்தத் தெருப் பெயரை நம் மெக்கானிக்குகள் இன்றும் விடவில்லை!

பையைக் கடையில் வாங்கலாம். லாரிக்குத் தார்ப்பாய் தைப்பவரிடம் அளவு கொடுத்தும் தைக்கலாம். நான் இரண்டாவதையே சொல்வேன். தையல் இரட்டையாக இருக்கட்டும். அடியில் தண்ணீர் வடிய இரண்டு கண்கள் வைக்கச் சொல்லுங்கள்.

இனி ஜாக்கிரதையாகக் கேளுங்கள். மாட்டியதும் வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். வீட்டுக்காரரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். சிவப்பு விளக்கு முழுதாகத் தெரிகிறதா? நம்பர் பலகை மறைகிறதா? மலை வளைவில் பின்னால் வரும் பஸ்காரருக்கு அந்தச் சிவப்பு விளக்குதான் கண். அதைப் பை மூடிவிட்டால் உங்கள் குழந்தைகள் இருக்கும் பக்கமாகத்தான் இடி விழும். சில வண்டிகளில் ஸ்டெப்னியின் நடுவிலேயே காமிரா இருக்கும். அங்கே இந்தப் பையே வேண்டாம்.

பாரத்திலும் கணக்கு வேண்டும். சக்கரமே சுமார் இருபது கிலோ. அத்தனையும் கதவின் கீல்களில் தொங்குகிறது. இன்னும் தண்ணீர்க் குடம், கல், கடப்பாரை என்று ஏற்றினால் கீல் தளர்ந்து கதவு ஆடும். மண்ணெண்ணெய், பெட்ரோல் கூடவே கூடாது. பின்னால் மோதினால் முதலில் நசுங்குவது அந்தப் பைதான். ஆரணிப் பட்டு வாங்கி வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: புடவையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பைக்குப் பூட்டும் கிடையாது, புழுதிக்குத் தடையும் கிடையாது. சாப்பாட்டையும் அதில் வைக்காதீர்கள். வண்டி நின்ற மறுநிமிஷம் குரங்குகள் ஜிப்பைத் திறக்கக் கற்றுக்கொண்டுவிடும்!

வீடு திரும்பியதும் பையைக் கழற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் மாட்டியே வைத்தால் வெயில் துணியைத் தின்னும். இடுக்கில் சேர்ந்த மணல் உப்புத்தாள் போல் தேய்த்து வாரை அறுக்கும். வாஷிங் மெஷினில் போடாதீர்கள், உள்பூச்சு உரிந்துவிடும். சோப்புத் தண்ணீரில் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, தலைகீழாக நிழலில் உலர்த்துங்கள். அரைகுறையாகக் காய்ந்து மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஜிப் சண்டித்தனம் செய்கிறதா? மெழுகுவர்த்தித் துண்டைப் பல்லில் இரண்டு முறை இழுத்தால் வழிக்கு வரும்.

பை கழன்றிருக்கும்போதே ஸ்டெப்னியின் காற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஓடாத டயரிலும் காற்று இறங்கும். பை மறைத்திருந்தால் யாருக்கும் அந்த ஞாபகமே வராது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3221 என்றால் 2021-ஆம் வருஷத்தின் 32-ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். மசாலாப் பொட்டலத்தில் தேதி பார்க்கிற உங்களுக்கு இதுவா கஷ்டம்? ரப்பரில் வெடிப்புக் கண்டால், அடுத்த பிரயாணத்துக்கு முன் புது டயர் போடச் சொல்லிவிடுங்கள்.