தளர்ந்த கைக்கு மின்சாரத் துணை

சோழவந்தான் பக்கத்துத் தென்னந்தோப்புகளைப் பார்த்திருப்பீர்கள். மரமேறுபவர் தவறி விழுந்து, கழுத்து முள்ளெலும்பு நொறுங்கினால் என்ன ஆகும்? அதனுள் ஓடும் தண்டுவடம் நசுங்குகிறது. விரலை மடக்கு என்று மூளை இடும் கட்டளை விரலுக்குப் போய்ச் சேர்வதில்லை. கை நன்றாகத்தான் இருக்கிறது, கட்டளைதான் வரவில்லை.

1975-இல் எஸ். இராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர், கடற்படை அதிகாரித் தேர்வில் நேர்ந்த விபத்தால் இப்படித்தான் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவர் 1981-இல் தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கம், உடல் இயக்கம் இழந்தோருக்குப் பயிற்சியும் மறுவாழ்வும் தருகிறது. அத்தகைய பயிற்சியோடு இப்போது மின்சாரமும் கைகோத்திருக்கிறது. அதுவும் கத்தி வைக்காமல், தோலின் மேலிருந்தே.

பின்கழுத்தில் மின்வாய்களை ஒட்டி மின்னோட்டம் செலுத்துகிறார்கள். தோல் எளிதில் வழிவிடாது. அது ஓரளவு மின்தேக்கியைப் போல நடந்துகொள்ளும். அதிர்வெண் கூடக்கூட மின்தேக்கியின் மின்மறுப்பு குறையும் அல்லவா? ஆகவே 10,000 ஹெர்ட்ஸ் அலையை, வினாடிக்கு 30 கொத்துகளாக அனுப்புகிறார்கள். அதிக வலியின்றி மின்சாரம் உள்ளே இறங்குகிறது.

அது விரலை நேராக இழுத்து மடக்குவதில்லை. ஓய்விலிருக்கும் நரம்பணுவின் மின்னழுத்தம் சுமார் −70 மில்லிவோல்ட். அது −55 அளவுக்கு ஏறினால்தான் நரம்பணு துடிக்கும். நம் ஊர்க் கண்மாயை எண்ணிப்பாருங்கள். பாதி வற்றிய கண்மாயில் தூறல் விழுந்தால் மறுகால் பாயாது. விளிம்புவரை நிறைந்திருந்தால் அதே தூறல் போதும். மின்தூண்டல் கண்மாயை நிரப்பி வைக்கிறது. நசுங்காமல் எஞ்சிய சில இழைகளின் வழியே மூளை அனுப்பும் மெல்லிய கட்டளைதான் தூறல். எனவே நோயாளி தாமே முயன்று கையை அசைக்கவேண்டும். சும்மா படுத்திருந்தால் பயனில்லை.

2024-இல் வெளியான ஓர் ஆய்வில் கழுத்தில் காயம்பட்ட 60 பேர் இருந்தார்கள். காயம்பட்டு 34 ஆண்டு ஆனவரும் உண்டு! முதல் இரண்டு மாதம் பயிற்சி மட்டும்; அடுத்த இரண்டு மாதம் பயிற்சியுடன் தூண்டல். 72 விழுக்காட்டினருக்குக் கையின் வலுவும் செயலும் கூடின. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க அரசு அக்கருவிக்கு அனுமதி அளித்தது.

எல்லாம் அந்த எஞ்சிய இழைகளை நம்பித்தான். விழுந்தவரைக் கையும் காலுமாகத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்காரவைப்பதை நான் கண்டிருக்கிறேன். அந்த ஒரு மடிப்பில் மிச்ச இழைகளும் போய்விடக்கூடும். தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். நகர்த்தியே ஆகவேண்டுமென்றால், உடம்பை நேராகப் பலகையில் கிடத்தி, நாலைந்து பேர் ஒரே சமயத்தில் தூக்குங்கள்.