காப்பகத்தில் மாத்திரை கொடுப்பது யார்? பெற்றோரே, நோட்டை கேளுங்க!

மனவளர்ச்சி குன்றியோர் காப்பகங்கள் பலவற்றில் முழுநேர நர்சு கிடையாது. சாப்பாடு ஊட்டும் ஆயாதான் வலிப்பு மாத்திரையும் கொடுக்கிறார். அவருக்கு யாரும் பயிற்சி தராவிட்டால் உயிருக்கே ஆபத்து.

என்ன ஆபத்து?

ஷிப்ட் மாறும்போது "நான் கொடுக்கலை, நீ கொடுத்தியா?" என்று குழப்பம் வரும். ஒரு வேளை விட்டுப்போனால் வலிப்பு வரலாம். இரண்டு முறை கொடுத்துவிட்டால் மயக்கம், தள்ளாட்டம்.

பினைடாய்ன் சிரப்பை குலுக்காமல் ஊற்றினால் மருந்து அடியில் தங்கிவிடும். முதலில் குறைவாகவும், பாட்டில் தீரும்போது அதிகமாகவும் உள்ளே போகும்.

மெதுவாக கரையும் வால்புரோயேட் மாத்திரையை பொடி செய்து சோற்றில் பிசைந்தால், நாள் முழுக்க வேலை செய்யவேண்டிய மருந்து ஒரேயடியாக ஏறிவிடும்.

பெற்றோர் என்ன செய்யணும்?

ஆயாவை திட்டி பலன் இல்லை. யாருக்கு, எந்த மருந்து, எவ்வளவு, எந்த நேரம், எப்படி என்ற 5 விஷயத்தையும் பார்த்து கொடுத்து, உடனே நோட்டில் கையெழுத்து போட காப்பகம்தான் பழக்க வேண்டும். பேச முடியாத பிள்ளை "மாத்திரை தரலை" என்று சொல்லாது. அடுத்த முறை பார்க்கப் போகும்போது அந்த நோட்டை வாங்கிப் பாருங்க. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி காப்பகம் பதிவு செய்யப்பட்டதா என்றும் கேளுங்க.