மரத்தடி விசுப்பலகை

எச்.ஐ.வி. என்னும் கிருமி உடலிற் குடிபுகுந்தோரும் நாடோறும் தவறாது மருந்துண்பராயின் நெடுநாள் நலமுற வாழ்தல் இக்காலத்துக் கூடும். ஆயின் மனமொடிந்தவன் மருந்தைக் கையால் எடுப்பானோ? இடர் ஈண்டே விளைகின்றது.

ஜிம்பாப்வே நாட்டு ஷோனா மொழியினர் இம்மனத்துயரைக் 'குஃபுங்கிசிசா' என்பர். அளவிறந்து எண்ணுதல் என்பது பொருள். அந்நாட்டில் மனநோய் வைத்தியர் மிகச் சிலரே. ஆதலின் 2006-ஆம் ஆண்டில் டாக்டர் டிக்சன் சிபாண்டா என்பார், ஹராரே நகரின் ம்பாரே பகுதியில் பாட்டிமார் 14 பேரைப் பயிற்றி, வைத்தியசாலையின் புறத்தே விசுப்பலகையில் அமர்த்தினார். உள்ளே இடமின்மையே காரணம். அதுவும் நன்றே என்பேன். மரநிழலில் அமர்ந்து பாட்டியோடு பேசுவோரைப் பித்தரென்று யார் இகழ்வார்?

பாட்டி முதற்கண் 14 வினாக்களைக் கேட்பாள். பின்னர் வந்தவர் மனந்திறந்து தம் இடர்களைக் கூறி, அவற்றுள் ஒன்றைத் தாமே தெரிந்து தீர்வு நாடத் துணைநிற்பாள். புத்திமதி சொல்லுதல் அவள் தொழிலன்று. (நம் பாட்டிமார்க்கு இஃது எளிதன்று!)

573 பேரிடத்துச் செய்த ஆராய்ச்சி 2016-இல் வெளியாயிற்று. அவருள் ஐவரில் இருவர் எச்.ஐ.வி. உடையோர். ஆறு திங்கள் கழிந்தபின், வழக்கமான சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 50 பேரிடத்து மனச்சோர்வு காணப்பட்டது. பாட்டிமாரை நாடினோருள் 14 பேரிடத்தே. துயர் தணிந்தோர் பின்னும் குழுவாய்க் கூடி, கழிந்த பிளாஸ்டிக்கைக் கொண்டு பை பின்னியவாறே உரையாடுவர்.