பிட் மாற்றினால் கோடு மாறுகிறதா?

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் ஒரு மாடி வீடு. பகலில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் நம் நண்பர், மாலையில் அந்த மாடியில் சிறிய சி.என்.சி. ரூட்டர் மிஷின் ஓட்டுகிறார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. கம்ப்யூட்டர் காட்டும் வழியில் நகர்ந்து மரத்தில் எழுத்து வெட்டும். வீட்டுப் பெயர்ப் பலகைதான் அவருக்கு வரும் ஆர்டர்.

புதுமனை புகுவிழாவுக்கு ஒரு தேக்குப் பலகை செய்ய வேண்டியிருந்தது. 6 மி.மீ. பிட்டைப் போட்டு நடுப்பகுதியை 3 மி.மீ. குழித்தார், அழகாக வந்தது. எழுத்துக்காகக் கூர்முனை பிட்டை மாட்டினார். எழுத்துகள் எல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளி விழுந்தன, ஆழமும் கூடிவிட்டது. பலகை பாழ். விழாவுக்கோ மூன்றே நாள்.

மிஷினை விற்றுவிடலாம் என்று இருந்தவரைத் தடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர்; டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "தம்பி, மிஷினைத் திட்டாதே. பிட்டைக் கழற்றும் வரை ஒழுங்காத்தானே வெட்டிச்சு? நீ கை வச்ச அந்த ரெண்டு நிமிஷத்தில்தான் தப்பு இருக்கு" என்றார். இத்தகைய மிஷின் வைத்திருக்கும் எல்லோருக்கும் பொருந்தும் சொல் அது.

ஆழம் தவறினால்

ஒவ்வொரு பிட்டுக்கும் நீளம் வேறு. பழைய பிட்டின் முனைக்கு வைத்த பூஜ்ய உயரம் புதிய பிட்டுக்கு ஆகாது. மறுபடி வைக்க வேண்டும். நண்பரும் வைத்தார். ஆனால் வைத்த இடம் தவறு. ஏற்கெனவே குழித்த தரையில் பிட்டைத் தொடவிட்டுப் பூஜ்யம் கொடுத்தார். கம்ப்யூட்டரோ பலகையின் மேல்பரப்பிலிருந்து கணக்குப் போட்டிருந்தது. எழுத்து 3 மி.மீ. அதிகம் இறங்கிவிட்டது.

வெட்டுப் படாத ஒரு மூலையைக் குறித்துக்கொண்டு, எல்லாப் பிட்டுக்கும் அங்கேயே உயரம் பார்க்க வேண்டும். அப்போது உயரத்துக்கு மட்டும் பூஜ்யம் கொடுங்கள். 'எல்லாம் பூஜ்யம்' என்ற பொத்தானை அழுத்தினால் நீள அகலக் கணக்கும் அழிந்துபோகும்.

முதலில் சரியாக இருந்து போகப் போக ஆழம் கூடினால், பிட் பிடியிலிருந்து கீழே நழுவுகிறது என்று பொருள். காலெட்டைக் கழற்றித் தூசி தட்டி, பிட்டின் தண்டையும் துடைத்து இறுக்குங்கள்.

பக்கவாட்டில் தள்ளினால்

இந்தச் சிறிய மிஷின்கள் பலவற்றில் ஜி.ஆர்.பி.எல். என்ற கட்டுப்பாட்டு நிரல் இருக்கிறது. நகர்வு நின்ற 25 மில்லி செகண்டில் அது மோட்டார்களின் பிடியைத் தளர்த்திவிடும். வரும்போதே அப்படித்தான் அமைத்திருக்கும். அந்த நேரத்தில் ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் தலைப்பகுதி நகர்ந்துவிடும். நகர்ந்தது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பழைய இடத்தில் இருப்பதாகவே நினைத்து வெட்டும்.

இதற்கு ஓர் அடையாளம் உண்டு. ஸ்டெப்பர் மோட்டார் பொதுவாக ஒரு சுற்றுக்கு 200 படி. பிடி விட்டபின் அதிகம் அசைந்தால், மறுபடி பிடிக்கும்போது நான்கு நான்கு படியாகத் தள்ளி உட்காரும். பெல்ட் மிஷினில் ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. நகர்வு என்றால் நான்கு படி 0.8 மி.மீ. ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகரும் திருகு மிஷினில் 0.16 மி.மீ. நண்பருடையது பெல்ட் மிஷின். பெரியவர் அளந்து பார்த்தார், தள்ளியிருந்தது 0.8 மி.மீ.!

மருந்து எளிது. அமைப்புப் பட்டியலில் $1 என்ற எண்ணில் 25 இருக்கும் இடத்தில் 255 போட்டால் மோட்டார்கள் பிடியை விடா. சற்றுச் சூடாகும், அவ்வளவுதான். அப்போதும் முரட்டுத்தனம் கூடாது. இரண்டு ஸ்பேனர்களையும் ஒரே கைக்குள் வருமாறு வைத்து, ஒன்றையொன்று நெருக்கித் திருப்பினால் பலம் தலைப்பகுதிக்குப் போகாது.

பிட்டைத் தொடுமுன் வெட்டும் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்குவது உயிருக்குக் காப்பு. ஆனால் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கரண்டை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் மிஷின் தான் நிற்கும் இடத்தை மறந்துவிடும். லிமிட் சுவிட்ச் உள்ள மிஷினானால் ஹோமிங் செய்து பழைய இடத்தை மீட்கலாம்.

பென்சில் சோதனை

எது நோய் என்று தெரியாவிட்டால், பழைய பிளைவுட் துண்டில் பென்சிலால் ஒரு கூட்டல் குறி போடுங்கள். கூர்முனை பிட்டை அதன் நடுவில் நிறுத்தி, திரையில் தெரியும் எண்களை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தலையை உயர்த்தி, வழக்கமாகப் பிட் மாற்றும் இடத்துக்குக் கொண்டுபோய், எதையும் தொடாமல் அதே எண்களுக்குத் திரும்புங்கள். முனை குறியில் நிற்காவிட்டால் கோளாறு மிஷினில்: தளர்ந்த பெல்ட், தளர்ந்த கப்பி என்று தேடுங்கள். நின்றால், அடுத்த முறை அதே பிட்டைத் தளர்த்தி இறுக்கிவிட்டுத் திரும்புங்கள். இப்போது விலகினால் கோளாறு கையில்.

ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது தவறு என்று ஒருநாளும் தெரியாது.

நண்பர் அன்றிரவே சோதித்தார். மறுநாள் புதுப் பலகை வாங்கி வெட்டினார். விழாவுக்கு முதல் நாள் மாலை பெயர்ப் பலகை போய்ச் சேர்ந்தது. பாழான தேக்கை அவர் எறியவில்லை; புரட்டிப் போட்டு, அதன் பின்பக்கத்தில்தான் இப்போது சோதனைக் குறி போடுகிறார்.