முதலில் நிற்கட்டும், அப்புறம் ஓடட்டும்!

– மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன் ஒருவன்



எங்கள் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒரு 'சட்டசபை' உண்டு. அங்கே தினமும் விவாதிக்கப்படும் பொருள் ஒன்றே ஒன்றுதான். எந்த வண்டிக்குப் பிக்-அப் அதிகம்? சைலன்சரை மாற்றினால் பவர் எவ்வளவு கூடும்? இந்தச் சபையில் நானும் ஒரு மூத்த உறுப்பினர். ஆனால் மூன்று வருடத்தில் பிரேக்கைப் பற்றி அங்கே ஒருவன்கூட வாய் திறந்ததில்லை. நானும்தான்!

அதைப் பற்றி எழுத வைத்தது நம்ம ஊர் வண்டி அல்ல. அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில், என் மாமா வீட்டு ஷெட்டில் நிற்கும் 1966-ஆம் வருட செவர்லே ஷெவெல் மாலிபு கார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவரும் நம்மைப் போல டிப்ளமோக்காரர்தான். டூல் அண்ட் டை படித்துவிட்டு அங்கே ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறார். 2021-ல் அந்தக் காரை வாங்கினார். அன்றிலிருந்து நமக்கு ஞாயிறு காலை, அவருக்குச் சனி இரவு என்று வாரா வாரம் வீடியோவில் பேச்சு. அவர் அங்கே போல்ட்டைக் கழற்றுவார். நான் இங்கே இட்லி சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பேன். காரை நேரில் தொட்டதில்லை. ஆனாலும் அதன் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

மசில் கார் என்றால் என்ன?

நடுத்தர அளவுள்ள, விலை அதிகமில்லாத காரில், பெரிய காருக்கான வி-8 எஞ்சினைத் தூக்கி வைத்தால் அதுதான் மசில் கார். 1964 மாடலாக வந்த போன்டியாக் ஜி.டி.ஓ. தான் இதற்குப் பிள்ளையார் சுழி போட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக்கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸின் உள் விதி. போன்டியாக்கின் தலைமை எஞ்சினியராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் என்ன செய்தார்கள் தெரியுமா? 389 கன அங்குல எஞ்சினைத் தனி மாடலாகக் காட்டாமல், லமான்ஸ் காருக்கு 'விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம்' என்ற ஆப்ஷன் பட்டியலில் போட்டுவிட்டார்கள். கார் பிய்த்துக்கொண்டு விற்றது. மற்ற கம்பெனிகளும் களத்தில் குதித்தன.

இந்தக் கூத்து பத்து வருடம்கூட நீடிக்கவில்லை. 1970-ல் காற்று மாசுச் சட்டம் வந்தது. இன்சூரன்ஸ் கட்டணம் ஏறியது. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து கதையை முடித்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தக் கால விளம்பரத்தில் வரும் குதிரைத்திறனை அப்படியே நம்பிவிடாதீர்கள். 1971 வரை அது 'கிராஸ்' கணக்கு. அதாவது ஏர் கிளீனர், ஃபேன், காரின் சைலன்சர் போன்ற சுமைகள் இல்லாமல் எஞ்சினை மட்டும் மேடையில் வைத்து அளந்தது. 1972-லிருந்து எல்லாவற்றையும் மாட்டி அளக்கும் 'நெட்' கணக்கு. கார்வெட் காரில் வந்த எல்.டி-1 என்ற எஞ்சினுக்கு 1971-ல் 330 குதிரைத்திறன், 1972-ல் 255! குதிரைகள் ஓடிப்போகவில்லை, நண்பர்களே. எண்ணும் முறைதான் பெரும்பாலும் மாறியது.

ரெஸ்டோர் செய்வதா, மாடிஃபை செய்வதா?

பழைய காரை வாங்கியவன் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. ரெஸ்டோர் செய்வது என்றால், தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்குவது. மாடிஃபை செய்வது என்றால் நம் தேவைக்கு மாற்றுவது. எதைச் செய்யலாம் என்பதைக் காரின் எண்ணே சொல்லிவிடும். 1966 ஷெவெலில் அந்த எண் 138 என்று தொடங்கினால் அது அசல் எஸ்.எஸ். 396. அதாவது 396 கன அங்குல எஞ்சினோடு பிறந்த மசில் கார். 136 என்று தொடங்கினால் சாதாரண வி-8 மாலிபு. வெளியே எஸ்.எஸ். எழுத்தை ஒட்டி ஏமாற்றி விற்பவர்களும் உண்டு. எண் பொய் சொல்லாது.

மாமாவுடையது 136. "நல்லதாப் போச்சு மாப்ளே. அசல் எஸ்.எஸ்.னா ஒரு ஸ்க்ரூவ மாத்தவும் மனசு வராது. இது சாதா மாலிபு. தாராளமா கை வைக்கலாம்" என்றார்.

பட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது?

மிச்சிகனில் குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாமல் இருக்க உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் காரின் அடித்தகட்டை அரித்துவிடும். வெளியே பார்த்தால் பளபளவென்று பெயிண்ட், உள்ளே ஓட்டை. மாமா கண்டுபிடித்த விதம் சுவாரசியமானது. ஃபிரிட்ஜில் ஒட்டும் சின்ன காந்தத்தை எடுத்து பாடி முழுக்கத் தடவினார். தகடு உள்ள இடத்தில் ஒட்டியது. பின் சக்கரத்துக்கு மேலே பொத்தென்று விழுந்தது. அங்கே தகடே இல்லை. கனமாக அப்பிய பட்டிதான்!

அரித்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தார். நாம் வெல்டிங் ஷாப்பில் படித்ததுதான் இங்கே உதவுகிறது. மெல்லிய தகட்டில் ஒரே இழுப்பாக வெல்டிங் போட்டால் சூட்டில் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். அதனால் இங்கொன்று அங்கொன்றாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு, மறுபடி இடைவெளியில் வைத்து நிரப்ப வேண்டும். டிங்கரிங் வேலைக்கே ஒரு வருடம் போயிற்று.

எஞ்சின் மாற்றம்

காரோடு வந்தது 283 கன அங்குல எஞ்சின். அதே குடும்பத்தில் பிறந்த 350 கன அங்குல எஞ்சின் வெளி அளவில் ஒன்றுதான். மவுண்டிங்கும் அப்படியே பொருந்தும். அதனால் மாமா அதை வாங்கி வைத்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 283-க்குப் போர் 98.4 மி.மீ., ஸ்ட்ரோக் 76.2 மி.மீ. எட்டு சிலிண்டருக்கும் சேர்த்து 4.6 லிட்டர். 350-க்குப் போர் 101.6, ஸ்ட்ரோக் 88.4. மொத்தம் 5.7 லிட்டர். ஒரு சிலிண்டரே சுமார் 717 சி.சி.! நம்ம மாருதி 800-ன் முழு எஞ்சினே 796 சி.சி. தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நுணுக்கம். அந்தக் கால பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது வால்வு சீட்டுக்கு ஒரு பூச்சு போலப் பாதுகாப்பு கொடுத்தது. அமெரிக்காவில் 1996 முதல் சாலை வாகனங்களுக்கு ஈய பெட்ரோல் அடியோடு தடை. இன்றைய பெட்ரோலில் பழைய ஹெட்டைக் கடுமையாக ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு தன் சீட்டைத் தின்றுகொண்டே உள்ளே இறங்கும். ஆகவே மாமா ஹெட்டைக் கழற்றிக் கடினமான சீட் வளையங்களை இறக்கினார்.

2023 மே மாதம் எஞ்சின் ஸ்டார்ட் ஆனது. போனிலேயே அந்த உறுமலைக் கேட்டு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "பிரேக்?" என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அந்த ஜூன் மாதம்

பிறகுதான் சொன்னார். "பிரேக் நல்லாத்தானே புடிக்குது, பெயிண்ட் முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்டா."

ஜூன் மாதம் ஒரு சாயங்காலம். எட்டு வயது மகளைப் பின் சீட்டில் உட்கார வைத்து ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கக் கிளம்பினார். சுமார் 70 கிலோமீட்டர் வேகம். முன்னால் சிக்னலில் கார்கள் நிற்கின்றன. பிரேக்கை மிதித்தார். பெடல் ஒரு தடையும் இல்லாமல் தரை வரை போய்விட்டது. மறுபடி மிதித்தார். காற்றை மிதித்த மாதிரி! கியரை 'லோ'வுக்குத் தள்ளி, இடது காலால் பார்க்கிங் பிரேக்கை மிதித்து, வண்டியை வலது பக்கப் புல்தரையில் இறக்கினார். ஒரு வீட்டுத் தபால் பெட்டிக் கம்பத்தைச் சாய்த்துவிட்டுக் கார் நின்றது.

யாருக்கும் காயமில்லை. மறுநாள் காலை பேசியபோது மாமா ஸ்பானரைத் தொடவே இல்லை. "பின்னாடி உக்காந்து பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தாடா" என்றார். அதையே இரண்டு தடவை சொன்னார்.

ஏன் இப்படி ஆயிற்று?

ஹைட்ராலிக்ஸில் பாஸ்கல் விதி படித்திருக்கிறோம். அடைத்த திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் போகும். இது வரம். ஓரிடத்தில் ஒழுகினால் அழுத்தம் எங்குமே நிற்காது. இது சாபம்! 1966-ல் பெரும்பாலான அமெரிக்கக் கார்களில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறைதான். நான்கு சக்கரத்துக்கும் ஒரே பாதை. மாமாவின் காரில் பின் ஆக்சிலுக்குப் போகும் இரும்புக் குழாய் வெளியே உப்பால் அரித்திருந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. அதனால் உள்ளேயும் துரு. ஓங்கி மிதித்ததும் குழாய் வெடித்தது. பின்னால் ஒழுகியது, முன் பிரேக்கும் சேர்ந்து போயிற்று. பார்க்கிங் பிரேக் மட்டும் தப்பித்தது, ஏனென்றால் அது ஆயிலை நம்பவில்லை, கேபிளை நம்புகிறது.

இதற்கு வைத்தியம் இரட்டை மாஸ்டர் சிலிண்டர். முன் சக்கரத்துக்கு ஒரு அறை, பின் சக்கரத்துக்கு ஒரு அறை. ஒன்று போனாலும் மற்றொன்று நிறுத்தும். 1967 ஷெவெலிலேயே இது வந்துவிட்டது. 1968 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் விற்கும் புதிய கார்களுக்குப் பிரித்த பிரேக் அமைப்பு சட்டப்படி கட்டாயம். ஒரே ஒரு வருட வித்தியாசத்தில் மாமாவின் கார் அந்தப் பாக்கியத்தை இழந்தது. ஆனால் குழாயைப் பார்க்காமல் விட்டது காரின் குற்றமல்ல என்று அவரே சொல்கிறார்.

இனி இயக்க ஆற்றலுக்கு வருவோம். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால், அதாவது மணிக்கு 60 மைலிலிருந்து 80 மைலானால், ஆற்றல் 1.78 மடங்காகிறது. காரணம் வேகத்தின் வர்க்கம். சுமார் 1,500 கிலோ எடையுள்ள காரை 80 மைல் வேகத்திலிருந்து நிறுத்த ஏறத்தாழ 960 கிலோஜூல் ஆற்றலை வெப்பமாக்கியாக வேண்டும். டிரம் பிரேக் சூடானால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. லைனிங்கின் பிடிப்பும் குறைகிறது. டிஸ்க்கில் வெப்பம் சுலபமாக வெளியேறும். அதனால் மாமா முன் சக்கரத்துக்கு டிஸ்க் போட்டார்.

ஆனால் ஒன்றைத் தொட்டால் இன்னொன்றும் கூடவே வரும். டிரம்முக்குத் தானே இழுத்துப் பிடிக்கும் குணம் உண்டு, டிஸ்க்குக்குக் கிடையாது. ஆகவே வேக்குவம் பூஸ்டர் வேண்டும். பூஸ்டர் எஞ்சினின் வேக்குவத்தில் வேலை செய்கிறது. பந்தயக் கேம்ஷாஃப்ட் போட்டால் ஐடிலிங்கில் வேக்குவம் குறைந்து பூஸ்டர் படுத்துவிடும். அதனால் மாமா ஆசைப்பட்டு வாங்கியிருந்த கேமைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்! பிரேக் போடும்போது எடை முன்பக்கம் சாய்வதால் பின் சக்கரம் சீக்கிரம் லாக் ஆகும். அதைத் தடுக்கப் பின் அழுத்தத்தை மட்டுப்படுத்தும் வால்வு வேண்டும். குழாய்கள் முழுவதும் நிக்கல்-செம்பு கலவையில் புதிது. பெயிண்ட் இன்றுவரை அடிக்கவில்லை. கார் சாம்பல் நிற பிரைமரிலேயே ஓடுகிறது. அழகாகத்தான் இருக்கிறது.

நமக்கு என்ன?

நம்ம ஊர்த் தேரோட்டம் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கானோர். எல்லோர் கண்ணும் அவர்கள் மேல். சக்கரத்தடியில் முட்டுக்கட்டையோடு குனிந்தபடி ஓடும் நாலைந்து பேரை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் தேர் எங்கே நிற்க வேண்டும், எப்படித் திரும்ப வேண்டும் என்பது அவர்கள் கையில். எஞ்சின் வடம், பிரேக் முட்டுக்கட்டை.

பழைய காரை ரெஸ்டோர் செய்பவர் எந்த வருடத்துக்கு வேண்டுமானாலும் அதைத் திருப்பிக் கொண்டுபோகலாம். பிரேக்கை மட்டும் இன்றைய தேதிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மாடிஃபை செய்பவர் ஒரு குதிரையைக் கூட்டுவதற்கு முன் அதற்கு ஒரு லகானைக் கூட்ட வேண்டும்.

கடைசியாக ஒரு ஒப்புதல் வாக்குமூலம். என் பைக்குக்கு சத்தம் போடும் சைலன்சர் வாங்க ஆறு மாதமாகப் பணம் சேர்த்து வைத்திருந்தேன். மாமா பேசிய அன்று சாயங்காலம் பின் சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்து பார்த்தேன். பிரேக் ஷூவின் லைனிங் காகிதம் போலத் தேய்ந்து கிடந்தது. அந்த வண்டியில்தான் தினமும் தங்கையை ஸ்கூலில் விட்டுவிட்டு காலேஜுக்கு வந்துகொண்டிருந்தேன். சைலன்சர் பணம் பிரேக்குக்குப் போயிற்று.

கடைசி பெஞ்ச் சட்டசபைக்கு இந்த மசோதாவைச் சமர்ப்பிக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வண்டியின் டிரம்மையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். பிக்-அப் பற்றித் திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம்!