மரபணு சொல்லும் மருந்து – 9: மாத்திரை மாறியது, ஆபத்து மாறவில்லை

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையின் அளவு ஆளுக்கு ஆள் ஏன் மாறுகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். அங்கே எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் மரபணுவுக்குப் பங்கு. இந்த வார மருந்தைக் கொடுக்கலாமா, கூடாதா என்பதையே அது முடிவு செய்கிறது.

கார்பமாசெபின். வலிப்பு நோய்க்கும், முகத்தில் மின்சாரம் பாய்ந்தாற்போல் சுண்டி இழுக்கும் நரம்பு வலிக்கும் பல பத்தாண்டுகளாகக் கொடுத்துவரும் மாத்திரை. விலை குறைவு, நல்ல பலன். பெரும்பாலோருக்குப் பெரிய கோளாறு எதுவும் வராது. மிகச் சிலருக்கு மட்டும், பெரும்பாலும் முதல் இரண்டு மாதங்களுக்குள், காய்ச்சலும் கண் எரிச்சலும் தொடங்கும். பிறகு வாயெல்லாம் புண். உடம்பில் செந்திட்டுகள் தோன்றிக் கொப்புளமாகும். லேசாகத் தேய்த்தாலே தோல் கழன்று வரும். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் என்று பெயர். உடம்பில் 30 சதவீதத்துக்கு மேல் தோல் உரிந்துவிட்டால், தீக்காயம் பட்டவரைப் போலத்தான் பராமரிக்க வேண்டும். அந்தக் கட்டத்துக்குப் போனவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பிழைப்பதில்லை. பிழைத்தவர்களிலும் சிலருக்குப் பார்வை போய்விடுகிறது.

இது யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லாமல் இருந்தது. 2004-ல் தைவான் ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்த மாத்திரையால் தோல் உரிந்த 44 பேரைச் சோதித்ததில், 44 பேரிடமும் எச்.எல்.ஏ-பி 15:02 என்ற மரபணு வகை இருந்தது. அதே மாத்திரையைச் சாப்பிட்டு நலமாக இருந்த 101 பேரில் மூவரிடம் மட்டுமே அது இருந்தது.

எச்.எல்.ஏ புரதங்கள் உயிரணுவின் வெளிப்புறத்தில் நின்று, உள்ளே இருப்பது என்ன என்பதை நோய் எதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டுபவை. 15:02 வகைப் புரதத்தில் கார்பமாசெபின் ஒட்டிக்கொண்டால், டி அணுக்கள் அந்த உயிரணுவை அந்நியமாகக் கருதித் தாக்குகின்றன. அவை கொட்டும் கிரானுலைசின் என்ற நச்சுப் புரதத்தில் சொந்தத் தோலே மடிகிறது. இந்த வகை உள்ள எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, பெரும்பாலோர் தப்பிவிடுகிறார்கள். ஆனால் யார் தப்புவார் என்று மருந்தைக் கொடுத்துப் பார்க்க முடியாது.

சீனர், தாய்லாந்துக்காரர், மலாய்க்காரர்களிடம் இந்த வகை அதிகம், ஐரோப்பியரிடம் அரிது. ஐரோப்பிய நோயாளிகளை மட்டும் ஆராய்ந்திருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

அடுத்து தைவானின் 23 மருத்துவமனைகளில் 4,877 பேருக்கு, மாத்திரை தொடங்கும் முன்பே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 7.7 சதவீதத்தினரிடம் 15:02 இருந்தது. அவர்களுக்கு வேறு வழி சொல்லப்பட்டது. பழைய கணக்குப்படி சுமார் பத்துப் பேருக்காவது தோல் உரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கும் உரியவில்லை. 2011-ல் முடிவு வெளியானது.

ஹாங்காங்கோ 2008-லேயே பொது மருத்துவமனைகளில் இந்தச் சோதனையைக் கொள்கையாக்கியிருந்தது. சில ஆண்டுகள் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, கார்பமாசெபினால் வரும் தோல் நோய் அறவே நின்றிருந்தது. ஆனால் வலிப்பு மருந்துகள் எல்லாவற்றாலும் சேர்த்து வரும் பாதிப்பு சொல்லும்படி குறையவில்லை. சோதனைக்கு அனுப்பி, முடிவு வரும்வரை வலிப்பு நோயாளியைக் காக்க வைப்பதைவிட, சோதனை கேட்காத மாத்திரையை எழுதுவது டாக்டருக்குச் சுலபம். கார்பமாசெபின் எழுதுவது சரிந்தது, ஃபெனிடாயின் கூடியது. அதுவும் இதே தோல் நோயைத் தரக்கூடிய மருந்துதான். அதனால் வந்த பாதிப்பும் கூடியது.

விஞ்ஞானத்தில் இங்கே பிழையில்லை. சோதனை முடிவு எத்தனை நாளில் வரும், செலவு யாருடையது, மாற்று மருந்து பாதுகாப்பானதா, கையிருப்பில் உண்டா ஆகிய கேள்விகளுக்கும் சேர்த்து விடை வைத்திருந்தால்தான் மரபணு மருத்துவம் பலன் தரும். மரபணு மாறாது என்பதால் இந்தச் சோதனை ஆயுளுக்கு ஒருமுறை போதும். முடிவு நோயாளியின் பதிவேட்டில் ஏறவில்லை என்றால், அடுத்த ஊர் டாக்டருக்கு அது இல்லாததுதான்.

தைவானில் தேசிய நலக் காப்பீடே சோதனைச் செலவை ஏற்றுக்கொண்டது. சிங்கப்பூர் 2013-ல், புதிதாகக் கார்பமாசெபின் தொடங்கும் ஆசிய வம்சாவளியினருக்கு, அங்குள்ள தமிழர்களும் இதில் அடக்கம், சோதனையை வழக்கமான சிகிச்சை முறையாக்கி அரசு மானியமும் கொடுத்தது. மரபணுவைப் படிக்கும் கருவியை எந்த நாடும் விலைக்கு வாங்கிவிடலாம். டாக்டர் சோதனையைத் தவிர்க்கக் காரணமே இல்லாதபடி ஏற்பாடு செய்வதுதான் அரசின் வேலை.

யூரிக் அமிலத்தைக் குறைக்கக் கொடுக்கும் அலோபியூரினாலிலும் இதே போன்ற ஆபத்து உண்டு. அங்கே மரபணு வகை வேறு. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)