பொக்கேவுக்குள் இத்தனை அதிசயமா? லாங் பஜார் முதல் விண்வெளி வரை... தெரியுமா?

கொல்கத்தாவில் இருக்கும் மகள் காலையில் போனில் பணம் கட்டுகிறாள். வேலூரில் சிகிச்சை முடிந்து லாட்ஜ் அறையில் ஓய்வெடுக்கும் அப்பாவின் கைக்கு மதியத்துக்குள் ரோஜாக் கொத்து வந்துவிடுகிறது! 1,500 கிலோமீட்டருக்கும் மேலான தூரத்தை ஒரு பூ வாடாமல் எப்படிக் கடந்தது? அது கடக்கவே இல்லை என்பதுதான் அதிசயம்! கடந்தது செய்தி மட்டும்தான். பூ, வேலூர் லாங் பஜார் பக்கத்துக் கடையிலிருந்து நாலு தெரு தாண்டி வந்திருக்கிறது. இந்த ஒரு சின்ன ரகசியத்துக்குள் எவ்வளவு அறிவு, எத்தனை பேர் உழைப்பு, எவ்வளவு வரலாறு ஒளிந்திருக்கிறது தெரியுமா? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்!

பூ தந்தியில் போனது தெரியுமா?

இன்று ஆப் வழியாக நடக்கும் இந்த வேலைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது! 1908-ல் ஜெர்மனியின் பெர்லின் நகரப் பூ வியாபாரி மாக்ஸ் ஹியூப்னர் பல ஊர்ப் பூக்கடைக்காரர்களை ஒரு சங்கமாகச் சேர்த்தார். வெளியூருக்குப் பூ அனுப்ப வேண்டுமா? பூவை அனுப்பாதே, ஆர்டரை அனுப்பு. அந்த ஊர்க் கடைக்காரர் புதுப் பூவில் கட்டிக் கொடுப்பார்! இதுதான் அவருடைய திட்டம். இரண்டே ஆண்டுகளில், 1910-ல், அமெரிக்காவில் 15 பூக்கடைக்காரர்கள் கைகோத்துத் தந்தி மூலம் ஆர்டர் பரிமாறத் தொடங்கினார்கள். இந்தியாவில் டெல்லியில் 1994-ல் பிறந்த ஃபெர்ன்ஸ் என் பெட்டல்ஸ் போன்ற நிறுவனங்கள் ஊர் ஊராகப் பரவியதும் இதே வழியில்தான். தந்தி போய் டெலிபோன் வந்தது, டெலிபோன் போய் ஆப் வந்தது. உள்ளூர்ப் பூக்காரர் இல்லாமல் எதுவும் நடக்காது என்பது மட்டும் இன்றுவரை மாறவே இல்லை!

குறுந்தொகையின் முதல் பாட்டே ஒரு பூப்பரிசைப் பற்றியதுதான், தெரியுமா?

பெர்லினுக்கும் தந்திக்கும் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் முன்னே போவோம். சங்க காலத்துக் காதலன் காதலிக்குப் பூவும் தழையும் அனுப்புவான். நேரே கொடுக்க மாட்டான், தோழியிடம் கொடுப்பான். அதற்குக் கையுறை என்று பெயர். தோழி வாங்கிப் போய்ச் சேர்ப்பிக்கலாம். வேண்டாம் என்று திருப்பியும் அனுப்பலாம்! திப்புத்தோளார் பாடிய குறுந்தொகை முதல் பாட்டில் தோழி மறுத்தே விடுகிறாள். அவன் கொண்டுவந்தது செங்காந்தள். அவள் சொல்லும் காரணம்தான் அபாரம்: முருகனுடைய எங்கள் மலை முழுக்க அந்தப் பூதானே குலைகுலையாய்ப் பூத்துக் கிடக்கிறது! இங்கே கிடைப்பதையே இங்கே கொண்டுவந்தால் எப்படி என்று இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரு பெண் கேட்டிருக்கிறாள்! அந்தச் செங்காந்தள்தான் இன்று தமிழ்நாட்டின் மாநில மலர்.

வேலூர் ரோஜா மலையிறங்கி வருகிறது, தெரியுமா?

நீளக் காம்பும் அடுக்கு இதழுமாய் பொக்கேவில் நிற்கும் ரோஜாவை டச்சு ரோஸ் என்கிறோம். பேரைக் கேட்டு ஹாலந்திலிருந்து விமானத்தில் வந்தது என்று நினைத்துவிட வேண்டாம்! நம் பக்கத்துக் கடைகளுக்கு இதில் பெரும்பங்கு வருவது ஓசூர், பெங்களூர்ப் பகுதியின் பசுமைக்குடில்களிலிருந்து. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இரவில் குளிர். அந்தக் குளிரில்தான் மொட்டு பெரிதாகும், காம்பு நீளும். ஓசூர் அருகே அமுதகொண்டபள்ளியில் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனக் கூட்டு முயற்சியில் உருவான டான்ஃப்ளோரா பூங்காவின் ரோஜாக்கள் வெளிநாடுகளுக்கே போகின்றன. அங்கே பேர்போன சிவப்பு ரகத்தின் பெயர் தாஜ்மஹால்! இருபது ரோஜா ஒரு கட்டு. கட்டுகள் வண்டியேறி, கிருஷ்ணகிரியையும், வாணியம்பாடி, ஆம்பூர் என்ற தோல் தொழில் ஊர்களையும் தாண்டி, ஏறத்தாழ 170 கிலோமீட்டர் இறங்கி வேலூருக்கு வந்து சேர்கின்றன. பதப்படுத்திய தோலும் ஷூவும் போகும் அதே நெடுஞ்சாலையில், நாளை மறுநாள் வாடப்போகும் பூவும் போகிறது!

வெட்டிய பூ இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, தெரியுமா?

செடியை விட்டுப் பிரிந்த பூ அந்த நொடியே செத்துவிடுவதில்லை! அது மூச்சு விடுகிறது, தண்ணீர் குடிக்கிறது, சேர்த்து வைத்த சர்க்கரையைச் செலவழிக்கிறது. வெயில் ஏற ஏற மூச்சு வேகமாகும், சர்க்கரை சீக்கிரம் தீரும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில் ஒரு பொக்கேயை உச்சி வெயிலில் பைக்கில் கொண்டுபோவது அதன் ஆயுளையே உறிஞ்சுவதற்குச் சமம். அதனால்தான் டெலிவரி நேரம் கேட்டால் காலை பத்து மணிக்குள் அல்லது பொழுது சாய்ந்த பிறகு என்று சொல்வது நல்லது.

இன்னொரு எதிரி, காற்று! காம்பை வெட்டியதும் உள்ளே இருக்கும் நுண்குழாய்களில் காற்றுக் குமிழ் புகுந்துகொள்ளும். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் பூ தாகத்தில் தலை சாயும். மருந்து எளிது: காம்பின் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, கூர்மையான கத்தியால் சாய்வாக ஒரு விரல் நீளம் வெட்டுங்கள். நீருக்குள் மூழ்கும் இலைகளைக் கிள்ளி எடுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். கடைக்காரர் தரும் சின்னப் பாக்கெட்டில் மூன்று விஷயங்கள் இருக்கும்: பூவுக்குச் சாப்பாடாகச் சர்க்கரை, தண்ணீர் எளிதாக ஏறக் கொஞ்சம் அமிலம், காம்பை அடைக்கும் பாக்டீரியாவைக் கொல்ல ஒரு மருந்து!

மாம்பழக் கூடை பொக்கேயைக் கொல்லும், தெரியுமா?

அன்போடு பழக் கூடையும் பொக்கேயும் சேர்த்து அனுப்புகிறோம். இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால் போச்சு! பழுக்கும் மாம்பழமும் வாழையும் எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடுகின்றன. பழத்தைப் பழுக்க வைக்கும் அதே வாயு, பூவை மூப்படையச் செய்யும். இதை உலகுக்குக் காட்டிக் கொடுத்ததே ஒரு பூதான்! சிகாகோவின் பசுமைக்குடில்களில் கார்னேஷன் பூக்கள் விரிந்த இதழைத் திடீர் திடீரென்று மூடிக்கொண்டன. வியாபாரிகள் நஷ்டத்தில் தவித்தார்கள். குரோக்கர், நைட் என்ற இரு ஆய்வாளர்கள் 1908-ல் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: விளக்கெரிக்கும் வாயுக் குழாயிலிருந்து கசிந்த எத்திலீன்! மிக மிகச் சிறிய அளவே அதற்குப் போதுமாக இருந்தது. ஆகவே பழம் ஒரு அறையில், பூ இன்னொரு அறையில்!

பெரிய ரோஜாவுக்கு ஏன் வாசம் இல்லை, தெரியுமா?

பன்னீர் ரோஜா ஒன்று போதும், அறையே மணக்கும். பொக்கே ரோஜாவை மூக்கருகே வைத்தாலும் பல நேரம் ஒன்றும் தெரிவதில்லை. காரணம், நாம் கேட்டது அப்படி! நிறம் வேண்டும், நீளக் காம்பு வேண்டும், நாள்பட நிற்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில் வாசம் வழியில் நழுவிவிட்டது. ரோஜா தன் மணத்தை எப்படித் தயாரிக்கிறது என்பதில் 2015-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஒரு வியப்பைக் கண்டார்கள். செல்லுக்குள் துப்புரவு வேலை செய்யும் வகையைச் சேர்ந்த ஒரு நொதிதான் அந்த வாசனைக்குக் கை கொடுக்கிறதாம்! உங்கள் பொக்கேயில் மணமும் வேண்டுமா? கடைக்காரரிடம் சொல்லி நாலு பன்னீர் ரோஜாவும், ஒரு கொத்து மரிக்கொழுந்தும் செருகச் சொல்லுங்கள். எந்த வெளிநாட்டுப் பூவும் கிட்ட வர முடியாது!

ஒரு ஜெர்பராவில் நூற்றுக்கணக்கான பூக்கள், தெரியுமா?

ஜெர்பராவை ஒரு பூ என்று எண்ணுகிறோம். அது ஒரு பூவே அல்ல, ஒரு கூட்டம்! நடுவே தெரியும் ஒவ்வொரு புள்ளியும் தனிப் பூ. சுற்றி நிற்கும் ஒவ்வொரு இதழும் தனிப் பூ. சாமந்தியும் சூரியகாந்தியும் இதே குடும்பம்தான். ஜெர்பராவின் காம்பு மெலிந்தது, எளிதில் கழுத்து வளையும். இதழும் கசங்காமல் இருக்க, கடைக்கு வரும்போதே ஒவ்வொரு தலைக்கும் ஒரு பிளாஸ்டிக் குல்லாய் போட்டு அனுப்புகிறார்கள்!

கோயில் மாலையில் மெக்சிகோ இருக்கிறது, தெரியுமா?

லாங் பஜாரை ஒட்டிய நேதாஜி மார்க்கெட் பக்கம் விடிகாலையில் போய் நில்லுங்கள். கூடை கூடையாய்ச் செண்டுமல்லி, குவியலாய்ச் சம்பங்கி! நம் சாமிக்கும் கல்யாணத்துக்கும் இல்லாமல் முடியாத இந்த இரண்டு பூக்களின் பூர்வீகம் எது? மெக்சிகோ! கடல் தாண்டி வந்து சில நூற்றாண்டுகளில் நம் வீட்டுப் பூவாகவே ஆகிவிட்டன. மெக்சிகோ மக்கள் இன்றும் முன்னோரை நினைக்கும் திருநாளில் வழியெங்கும் செண்டுமல்லியைத்தான் தூவுகிறார்கள்.

மல்லிகையின் கதை இன்னும் விந்தை. அதைப் பூவாகப் பறிப்பதில்லை, மொட்டாகத்தான் பறிக்கிறார்கள். பறித்த பிறகும் அது வளர்வதை நிறுத்துவதில்லை. பொழுது சாய, கட்டிய சரத்திலேயே மலர்ந்து, அப்போதுதான் முழு மணத்தையும் விடுகிறது! 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி விமானம் ஏறி வெளிநாட்டுத் தமிழர் தலைக்குப் போவது இந்த மொட்டின் பொறுமையால்தான்.

தோலைப் பதப்படுத்தியதும் ஒரு பூச்செடி, தெரியுமா?

வேலூர், ஆம்பூர் என்றதும் தோல் நினைவுக்கு வரும். அந்தத் தோலுக்கும் பூவுக்கும் உறவு உண்டு! குரோம் உப்பு வருவதற்கு முன், தமிழ்நாட்டுத் தோல் மண்டிகள் பெரிதும் நம்பியது ஆவாரம் பட்டையை. அதில் பதமான தோல் கப்பலேறி உலகம் சுற்றியது. அதே ஆவாரம்பூவைத்தான் போகியன்று பூளைப்பூவோடும் வேப்பிலையோடும் சேர்த்து வீட்டு வாசலில் காப்புக் கட்டுகிறோம். தெருவோரம் தானாய்ப் பூக்கும் அந்த மஞ்சள் கொத்துக்கு ஒரு தொழிலையே தாங்கிய பெருமை இருக்கிறது!

பூக்கடை நிறைந்த ஊரில் பூஜை காணாத கோயில் இருந்தது, தெரியுமா?

லாங் பஜாரிலிருந்து கூப்பிடு தூரத்தில் வேலூர்க் கோட்டை. உள்ளே சிற்பக் களஞ்சியமான ஜலகண்டேஸ்வரர் கோயில். ஆனால் மூலவர் இல்லாமல், பூஜை இல்லாமல் தலைமுறை தலைமுறையாகக் கிடந்தது! சத்துவாச்சாரியில் வைத்துக் காக்கப்பட்ட லிங்கம் 1981-ல்தான் கோட்டைக்குள் திரும்பியது. இன்று அந்தச் சந்நிதிக்கு நாள்தோறும் மாலை போகிறது.

எல்லா நோயாளிக்கும் பூ அனுப்பக் கூடாது, தெரியுமா?

மருத்துவர் ஐடா ஸ்கட்டர் 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்திய சாலைதான் இன்று சிஎம்சி எனும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நாடு முழுவதிலிருந்தும் நோயாளிகள் வரும் ஊர் வேலூர். ‘டாக்டர் ஐடா, இந்தியா’ என்று மட்டும் எழுதிய கடிதம் சரியாக அவரிடம் வந்து சேர்ந்ததாக ஒரு கதையே உண்டு! ஆனால் பூ அனுப்பும்போது முகவரி மட்டும் போதாது. பூச்சாடித் தண்ணீரில் நோய்க் கிருமிகள் பெருகும் என்று 1973-லேயே லான்செட் மருத்துவ இதழில் ஆய்வு வெளிவந்தது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அது ஆபத்து. பல மருத்துவமனைகள் தீவிர சிகிச்சைப் பிரிவிலும், உறுப்பு மாற்று சிகிச்சை நடக்கும் வார்டுகளிலும் பூவை விடுவதில்லை. முதலில் கூட இருப்பவரிடம் கேளுங்கள். டிஸ்சார்ஜ் ஆகி அறைக்கு வந்த நாளில் அனுப்பினால் சந்தோஷம் இரட்டிப்பு!

பச்சை ஸ்பாஞ்சு மண்ணில் மக்காது, தெரியுமா?

பொக்கேக் கூடையின் அடியில் தண்ணீர் குடித்து நிற்கும் பச்சைக் கட்டிக்குப் பெயர் ஃபோம். அமெரிக்காவின் வெர்னான் ஸ்மிதர்ஸ் 1954-ல் கண்டுபிடித்தார். பூ அலங்காரத்தையே மாற்றிய பொருள்தான். ஆனால் அது ஒருவகை பிளாஸ்டிக். நொறுங்கினால் நுண்துகளாகி நீரில் கலக்கும். நம் ஊரில் வாழைத் தண்டில் பூக் குச்சியைச் செருகி அலங்கரிப்பார்கள். ஈரமும் இருக்கும், குப்பையும் ஆகாது. வாழை நாரில் கட்டிய கொத்து போதும் என்று ஆர்டரிலேயே சொல்லிவிடலாமே!

விண்வெளியிலும் ஒரு பொக்கே, தெரியுமா?

பூமிக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர். சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு எந்தப் பூக்காரர் டெலிவரி செய்வார்? விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி அங்கேயே ஜின்னியா செடியை வளர்த்தார். வாடி, பூஞ்சை பிடித்து, பிழைத்து, 2016 ஜனவரியில் பூத்தது! பிப்ரவரி 14 அன்று பறித்துக் கொத்தாக்கி, ஜன்னலில் பூமி தெரியப் படம் எடுத்து அனுப்பினார். அத்தனை ராக்கெட்டுகள் இருந்தும், பூ மட்டும் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பூக்க வேண்டியிருந்தது!

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன?

தந்திக் காலமானாலும் ராக்கெட் காலமானாலும் பூவுக்கு ஒரே சட்டம்தான்: அன்பு எவ்வளவு தூரத்திலிருந்தும் வரலாம், பூ பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். ஆகவே வேலூரில் இருக்கும் உங்களவருக்கு அடுத்த முறை பொக்கே அனுப்பும்போது, படத்தில் இருப்பதைப் போலவே அச்சு அசலாக வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். கடைக்குப் போன் போட்டு, “அண்ணே, இன்னைக்குக் காலையில என்ன பூ புதுசா வந்திருக்கு?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் பூவை, அவர் சொல்லும் நேரத்துக்கு அனுப்புங்கள். விடியும் முன் எழுந்து கட்டுப் பிரித்து, முள் நீக்கி, தண்ணீரில் நிறுத்தி வைத்தவருக்குத்தான் எந்தப் பூ மூன்று நாள் நிற்கும், எது இன்றோடு சரி என்று தெரியும். உங்களுக்குப் பதிலாக உங்கள் அன்புக்குரியவர் வாசலில் போய் நிற்பதும் அந்தக் கடையின் கைதான். அந்தக் கையை நம்புங்கள், அதற்குரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்!